மூன்றாம் பக்கத்துத் திருத்தம்

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்குச் சத்தத்துக்கு எழுந்து, அதே சத்தத்துக்குச் சாப்பிட்டு, அதே சத்தத்துக்கு விளையாட்டை நிறுத்தி வீட்டுக்கு ஓடியவர்கள் உங்களில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால் படிக்கட்டும், அவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் தோன்றாது. ஒரு பந்து, ஒரு பத்திரிகை, ஒரு சொல், அவ்வளவுதான். ஆனால் நம்மில் பல பேர் அந்தச் சொல்லைத் தெருவில் நின்று கத்தியிருக்கிறோம். மறந்துபோயிற்று என்று மட்டும் சொல்லாதீர்கள்.

யுத்த காலம். எனக்குப் பதினொரு வயது. அப்பா ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் பக்கம் பிட்டர். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, வண்டிப்பெட்டி பக்கம். இருவருக்கும் ஒரே லைனில் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். லைன் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடுகள். எதிரே இன்னொரு பத்து. நடுவில் தண்ணீர்க் குழாய், அதைச் சுற்றி ஒரு சிமெண்டு மேடை. எங்கள் உலகமே அந்த மேடைதான்.

சாயங்காலம் சங்கு ஊதி ஆண்கள் வீடு திரும்பி, கை கால் கழுவி, எண்ணெய்க் கறை போகாத விரல்களோடு அந்த மேடையைச் சுற்றி உட்காருவார்கள். அப்போது திருச்சிராப்பள்ளி டவுனிலிருந்து நம்மூர்ப் பேப்பர் வந்திருக்கும். லைனுக்கு ஒரே பேப்பர். அதை உரக்கப் படிப்பது நான். சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் லைனில் ரொம்பக் குறைவு. பெரியப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அளவுகோலில் எண் பார்க்கத் தெரியும். அப்பா எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் இருட்டிவிடும். எனக்கோ வெண்கலத் தொண்டை. நம் கூட்டத்தில் என்னை 'ரேடியோ' என்று கூப்பிடுவீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பொம்பளைப் பிள்ளை ஆம்பளைங்க நடுவுல உட்கார்ந்து கத்துவதா என்று அம்மா முணுமுணுப்பாள். பெரியப்பா, "அது படிச்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும்" என்று சொல்லிவிடுவார். அதைக் கேட்டு எனக்குத் தலை கால் புரியாது.

முதல் பக்கத்து யுத்தச் செய்தியை அவர்கள் பாதிக் காதால்தான் கேட்பார்கள். எந்த ஊரில் குண்டு விழுந்தது, அரிசி எப்போது வரும். பீடிப் புகை கிளம்பும். "சரி சரி, மூணாம் பக்கத்துக்கு வா" என்பார் பெரியப்பா. உடனே பீடிகள் அணையும்.

மூன்றாம் பக்கம்தான் விளையாட்டு. அதிலும் திங்கட்கிழமைப் பேப்பர். சனிக்கிழமை மைதானத்தில் நடந்த புட்பால் மேட்சை அவர்கள் எல்லோரும் நேரில் பார்த்திருப்பார்கள், தொண்டை கட்டும்வரை கத்தியிருப்பார்கள். இருந்தாலும் அது பேப்பரில் வந்தால்தான் நடந்ததாகக் கணக்கு. எழுதுகிறவர் ஸ்ரீரங்கத்து வாத்தியார் ஒருவர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்துகிறவர். நெற்றியில் பளிச்சென்று திருமண், பஞ்சகச்சம், அதன்மேல் ஒரு கோட்டு. காவேரிப் பாலத்தைத் தாண்டிச் சைக்கிளிலேயே பொன்மலைக்கு வந்து, கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றபடி சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். பந்தைக் காலால் தொட்டிருக்க மாட்டார். ஆனால் அவர் எழுதினால் மேட்சு இன்னொரு தடவை நடக்கும். கோவில் புறப்பாட்டுக்கு எழுதுகிற பாஷையில் புட்பாலை எழுதுவார். பந்து எதிரணி எல்லையில் 'எழுந்தருளும்'. நம் பார்வர்டு 'திருவடியால் தீண்டுவார்'. எங்கள் ஆட்கள் தொடையில் தட்டிச் சிரிப்பார்கள். பாதிச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது. தெரியாததே ஒரு பெருமை.

ஒரு தடவை அந்தப் பேப்பர் நம் டீம் ஜெயித்த மேட்சில் ஸ்கோரை மாற்றி அச்சடித்துவிட்டது. பெரியப்பா ஒரு வாரம் பேப்பரையே தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார். எட்டாம் நாள், நம் லெப்ட் அவுட் ஆட்டக்காரரைப் பற்றி வாத்தியார் நாலு வரி பிரமாதமாக எழுதியிருக்கிறார் என்று யாரோ வந்து சொன்னார்கள். அன்று சாயங்காலமே பேப்பர் திரும்ப வந்தது. நம்மைப் புகழ்கிறவரைக்கும் அது நம்ம பேப்பர். அந்த விசுவாசத்தின் லட்சணம் அப்போது எனக்குப் புரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீட்டில் இருந்தவர் ஒர்க்‌ஷாப் டீமின் கோல்கீப்பர். நாங்கள் குழந்தைகள் அவரைக் கோலி அண்ணன் என்போம். முப்பது வயதுகூட ஆகவில்லை. நெடுநெடுவென்று உயரம், அதிகம் பேச மாட்டார், பேசினால் தரையைப் பார்த்துப் பேசுவார். அவர் பெண்சாதியை அண்ணி என்று கூப்பிடுவேன். பச்சைமலை அடிவாரத்து ஊர்க்காரி. எழுதப் படிக்கத் தெரியாது. காக்கித் துணியில் உள்ளே அட்டை வைத்து, முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் குல்லாய் ஒன்றை அவளே கையால் தைத்து அவருக்குக் கொடுத்திருந்தாள். நம் மைதானத்தில் மேற்குப் பார்த்து நிற்கிற கோலிக்குச் சாயங்கால வெயில் நேரே கண்ணில் அடிக்கும். அதற்காக அந்தக் குல்லாய்.

வாத்தியார் அவருக்கு ஒரு பட்டம் கொடுத்திருந்தார், 'துவாரபாலகர்'. கோவில் வாசலில் கதாயுதத்தை ஊன்றிக்கொண்டு நிற்கிற காவல்காரச் சிலைக்கு அதுதான் பேர். பொன்மலை முழுக்க அந்தப் பேரே நிலைத்துவிட்டது. அந்தச் செய்தியை லைன் ஆட்கள் கத்தரித்து அவர் வீட்டுக் கதவில் பசை போட்டு ஒட்டினார்கள். அண்ணி அதற்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். மழையில் அது கிழிந்து போகும்வரை கதவிலேயே இருந்தது.

அந்த வருஷம் ஷீல்டு பைனல் பட்டாள டீமோடு. யுத்தத்துக்காக வந்து முகாம் போட்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். அவர்கள் பூட்ஸ் போட்டு ஆடினார்கள். நம் ஆட்கள் வெறுங்கால். அந்த நாளில் வெள்ளைக்காரனோடு பந்தாடுவது வெறும் பந்தாட்டம் இல்லை. வெளியே சொல்ல முடியாததையெல்லாம் ஜனங்கள் அந்த மைதானத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதல் பாதியில் கோலி அண்ணன் எத்தனை பந்து பிடித்தார் என்று எண்ணவே முடியவில்லை. ஒன்றுக்கு ஒன்று சமமாக நின்றது. இடைவேளையில் கூட்டம் கயிற்றைத் தாண்டி ஓடி அவரைத் தூக்கிவிட்டது. தோளுக்குத் தோள் மாறினார். இறங்கும்போது தலையில் குல்லாய் இல்லை. யாரோ ஆசையாக எடுத்துப் போய்விட்டார்கள். அன்பினால்தான் எடுத்தார்கள், அதில் சந்தேகம் இல்லை. இரண்டாம் பாதியில் அவர் மேற்குப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது. கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றதை அப்பாவின் தோளில் உட்கார்ந்தபடி நான் பார்த்தேன். ஆட்டம் முடியப் போகிற நேரம். பந்து வேகமாகக்கூட வரவில்லை. உருண்டு வந்தது. அவர் குனிந்தார். கைக்குள் வந்த பந்து நழுவிக் காலுக்கிடையில் உள்ளே போயிற்று.

அவ்வளவு கூட்டத்திலும் சத்தமே இல்லை.

திங்கட்கிழமை மேடையில் வழக்கத்தைவிட அதிகக் கூட்டம். அடுத்த லைனிலிருந்தும் வந்திருந்தார்கள். எனக்குக் குஷி. தோற்ற மேட்சாக இருந்தால் என்ன, கேட்பதற்கு ஆட்கள் நிறைய. ஏற்ற இறக்கத்தோடு படித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் அந்த வரி வந்தது. 'இறுதியில் நமது துவாரபாலகர், வாசலைத் திறந்து, வந்தவர்களுக்குப் பிரசாதம் சாதித்தார்.'

"என்ன சாதிச்சாரு?" என்றார் பெரியப்பா. "கோலை வாங்கிட்டு என்ன பெரிய சாதனை?"

யாரோ சிரித்தார்கள். அதோடு போயிருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் அங்கே யாருக்கும் தெரியவில்லையே. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போனபோது கோவிலில் கேட்டிருக்கிறேன். 'தீர்த்தம் சாதிக்கணும்' என்று கையை நீட்டுவார்கள். உடனே தீர்த்தம் கையில் விழும்.

"அது இல்லே பெரியப்பா. சீரங்கத்துல சாதிக்கறதுன்னா, குடுக்கறதுன்னு அர்த்தம். கையால எடுத்துக் குடுக்கறது" என்றேன்.

பெரியப்பா என் முகத்தையே பார்த்தார். "குடுக்கறதா?"

"ஆமா."

"அப்ப, கோலை எடுத்துக் குடுத்தாருன்னு எழுதியிருக்கான்."

"வாத்தியார் கம்பத்துக்குப் பின்னாடியேதானே நின்னாரு. அவர் கண்ணுல படாததா?" என்றார் ஒருவர். எதிர்வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. நான் சொன்ன அர்த்தம் சரியான அர்த்தம். அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது. தப்பாகச் சொல்லியிருந்தால் தப்பு என்று ஒப்புக்கொண்டு முடித்திருக்கலாம்.

புதன்கிழமை கோலி அண்ணனுக்கு மிஸ்திரியாக வேலை உயர்வு உத்தரவு வந்தது. மாதக்கணக்காக வெள்ளைக்காரத் துரையின் மேஜையில் கிடந்த காகிதம், அந்த வாரம் பார்த்தா வர வேண்டும்? வேறு சமயமாக இருந்தால் லைன் முழுக்க மிட்டாய் கொடுத்திருப்பார்கள். அன்று குழாயடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "துரை கை நீட்டிட்டாரு. இவரு கோலைச் சாதிச்சாரு, அவரு வேலையைச் சாதிச்சுட்டாரு" என்று அப்பா சொன்னார். என் அப்பா. ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷன்.

வியாழக்கிழமை காலையில் அந்த வரியைக் கத்தரித்து யாரோ அவர் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தார்கள். அண்ணன் விடியற்காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். அண்ணி கோலம் போட வந்தவள் அதைப் பார்த்தாள். பழைய ஞாபகத்தில் அவள் முகம் மலர்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா போட்டிருக்கு? உங்கண்ணன் பேரா?"

"ஆமா அண்ணி, அண்ணன் பேருதான்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பொய் இல்லை, துவாரபாலகர் என்றுதான் இருந்தது. சாயங்காலம் திரும்பி வந்தபோது அதில் குங்குமம் வைத்திருந்தாள். சங்கு ஊதிய பிறகு அண்ணன் வந்தார். கதவின் முன்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார். நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்தார். குங்குமம் விரலில் ஒட்டிக்கொண்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அந்த லைனில் பகலில் கதவைச் சாத்துகிற வழக்கமே கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களும் அறிவீர்கள், அதில் நீங்களும் இருந்தீர்கள். அண்ணி குடத்தோடு வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். கூரையில் கல் விழுந்தது. அவர் தெருவில் போனால் பின்னாலிருந்து, "சாதிங்கோ அண்ணே! எங்களுக்கும் சாதிங்கோ!" என்று பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பிள்ளைகள் நாம்தான். என் தொண்டைதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டிருக்கும்.

இதற்கு நடுவில் பேப்பருக்கு வந்த மவுசைச் சொல்ல வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுதுகிற பேப்பர் என்று பேச்சு. எங்கள் லைனில் ஒன்று வந்தது இரண்டாயிற்று. நிஜத்தைச் சொல்ல ஒரு வாத்தியாராவது இருக்கிறாரே என்றார்கள்.

வாத்தியார் காதுக்கு இது எப்படியோ எட்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்துச் சைக்கிளில் வந்து குழாயடியில் இறங்கினார். அவரைக் கொண்டாட எழுந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்கள்.

"அடியேன் பரிகாசமா எழுதினது. கோவில் பாஷையில ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். அந்தப் பிள்ளை சுத்தமான ஆட்டக்காரன். என்ன அபசாரம் பண்ணிண்டிருக்கேள் எல்லாரும்?" என்றார்.

பெரியப்பா எழுந்திருக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. சாதிக்கறதுன்னா குடுக்கறதா, இல்லையா?"

"அர்த்தம் அதுதான். ஆனா..."

"போதுங்க."

"ஸ்வாமி, கேளுங்கோ. திங்கட்கிழமை திருத்தம் போடறேன். என் கையாலயே எழுதி, மூணாம் பக்கத்துலயே வரும். அதைப் படிச்சுட்டு அப்புறம் பேசுங்கோ."

"போடுங்க. பாப்போம்."

வாத்தியார் எதிர்வீட்டைப் பார்த்தார். வாசலில் கோலி அண்ணன் நின்றுகொண்டிருந்தார். வாத்தியார் அவரை நோக்கிக் கைகூப்பினார். அண்ணனும் கைகூப்பினார். அந்த நிமிஷம் அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். சைக்கிளில் ஏறப் போனபோதுதான் இரண்டு டயரிலும் காற்று இல்லை என்று வாத்தியாருக்குத் தெரிந்தது. யார் செய்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். பொன்மலையிலிருந்து ஸ்ரீரங்கம்வரை.

அந்தத் திங்கட்கிழமைக்காக லைன் முழுக்கக் காத்திருந்தது. எல்லோரையும்விட அதிகமாகக் காத்திருந்தவர் எதிர்வீட்டில் ஒருவர். சங்கு ஊதுவதற்கு வெகுநேரம் முன்பே பேப்பர் வந்துவிட்டது. பேப்பரை முதலில் பிரிக்கிறவள் நான். மூன்றாம் பக்கத்தில் தேடினேன். விளையாட்டுப் பகுதியில் இல்லை. பக்கத்தின் அடியில், கூந்தல் தைல விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு எழுத்தில் இருந்தது. ஆறு வரி. வாத்தியார் சொன்னபடியே. வேடிக்கையாக எழுதியது, மன்னிக்கவும் என்று.

நான் அதை மூன்று தடவை படித்தேன். எனக்கு முகமெல்லாம் சூடாயிற்று. அதை உரக்கப் படித்தால், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்னது யார் என்று எல்லோரும் என்னைத்தானே திரும்பிப் பார்ப்பார்கள்? பெரியப்பா இனி என்னைப் படிக்கச் சொல்லுவாரா? கல் எறிந்தவர்கள், குடத்தை நகர்த்தியவர்கள், காற்றைப் பிடுங்கியவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து, 'இந்தப் பொண்ணு சொல்லித்தானே' என்று என் தலையில் கட்டிவிடுவார்களே? பதினொரு வயதுக்கு நான் நன்றாகவே கணக்குப் போட்டேன். அம்மாவின் கத்திரிக்கோலை எடுத்து அந்த ஆறு வரியை வெட்டினேன். தைல விளம்பரத்தையும் சேர்த்தே வெட்டினேன், ஓட்டை சதுரமாக இருக்கட்டும் என்று. இரண்டாவது பேப்பர் பெரியப்பா வீட்டு ஜன்னலில் கிடந்தது. அதை அடுப்பில் போட்டேன். வெட்டிய துண்டை என் மிட்டாய் டப்பாவில், மயிலிறகுக்கு அடியில் வைத்தேன்.

மற்ற லைன்களில் யாரும் படித்திருக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். படித்திருக்கலாம். விளம்பரத்தின் அடியில் இருப்பதை யார் பார்க்கிறார்கள்? பார்த்தாலும் யார் வாயைத் திறக்கிறார்கள்? நம் லைன் ஆட்கள் சொன்னதுதான் பொன்மலையில் செல்லுபடியாயிற்று.

அன்று சாயங்காலம் மேடையில் உட்கார்ந்தபோது பேப்பரை மடித்து ஓட்டை தெரியாமல் பிடித்துக்கொண்டேன். யுத்தம் படித்தேன். அரிசி படித்தேன். மூன்றாம் பக்கத்தில் பள்ளிக்கூடத்து ஹாக்கி மேட்சு ஒன்றைப் படித்தேன்.

"வாத்தியார் ஏதோ போடறேன்னாரே, வந்திருக்கா?" என்றார் பெரியப்பா.

நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே கோலி அண்ணன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி, துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டு. கேட்டு வாங்கிப் பார்க்க அவர் மானம் இடம் கொடுக்கவில்லை. என் வாயிலிருந்து வரட்டும் என்று நின்றார்.

"இல்லே பெரியப்பா. ஒண்ணும் வரலை" என்றேன். வெண்கலத் தொண்டை. எதிர்வீட்டுக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

பெரியப்பாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது முழுக்கப் பேப்பர்மேல் திரும்பியது. "நம்ம லைனுக்கு வந்து வாக்குக் குடுத்துட்டுப் போடலைன்னா, நம்மளை என்ன நெனச்சிருக்கான்? அவனும் யாருக்கோ பயந்துட்டான். இனிமே இந்தப் பேப்பர் நம்ம லைன்ல நுழையக் கூடாது." அடுத்த நாளிலிருந்து மெட்ராஸ் பேப்பர் வந்தது. தடித்த பேப்பர், வழவழப்பான பேப்பர். அதில் பம்பாய் கிரிக்கெட், மெட்ராஸ் டென்னிஸ் எல்லாம் உண்டு. பொன்மலை என்று ஓர் ஊர் இருப்பதே அதற்குத் தெரியாது. என்னைத்தான் படிக்கச் சொன்னார்கள். கேட்கிறவர்கள் நாளுக்கு நாள் குறைந்தார்கள்.

அடுத்த மாதம் யுத்த நிதிக்காக அதே பட்டாள டீமோடு இன்னொரு மேட்சு வைத்தார்கள். வேறு கோலி இல்லாததால் அண்ணனைக் கூப்பிட்டார்கள். அண்ணி புதுக் குல்லாய் தைத்துக் கொடுத்திருந்தாள். அவர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. வெயில் என்று சாக்குச் சொல்லக்கூட அவருக்கு இஷ்டமில்லையோ என்னவோ. கம்பத்துக்குப் பின்னால் நாம் எல்லோரும் நின்றோம். பந்து அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், "சாதிங்கோ! சாதிங்கோ!" வாத்தியாரும் அங்கேதான் நின்றிருந்தார். நோட்டை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

நம் டீம் ஒரு கோல் போட்டிருந்தது. கடைசியில் பட்டாளத்துக்காரன் ஒருவன் தனியாகப் பந்தோடு வந்தான். அண்ணன் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. ஓடி வந்து அவன் காலில் தலையோடு விழுந்தார். பூட்ஸ் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த மட்டையை உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். பந்து அவர் நெஞ்சுக்கு அடியில் இருந்தது. இரண்டு கையும் அதைக் கட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சிப்பாய் பக்கத்திலேயே மண்டியிட்டு அவரைப் புரட்டப் பார்த்தான், சின்னப் பையன் அவன், அழுதுவிட்டான். பந்தை அவர் கையிலிருந்து எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

நாம் கத்துவதை நிறுத்தியிருந்தோம். யார் முதலில் நிறுத்தியது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் அவர் போய்விட்டார். லைனே திரண்டு தூக்கியது. பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மெட்ராஸ் பேப்பரில் ஒரே ஒரு வரி வந்தது, ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஸ்கோர் மட்டும். நான் அதைப் படித்தபோது பெரியப்பா, "பேரு?" என்று கேட்டார். பேர் இல்லை என்றேன். அன்றைக்கு நான் சொன்னது நிஜம். நம்மூர்ப் பேப்பரில் வாத்தியார் ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தாராம். அதை வாங்க நம் லைனில் ஆள் இல்லை. அதோடு அவர் விளையாட்டு எழுதுவதை விட்டுவிட்டார் என்று கேள்வி.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கையில் அந்தப் புதுக் குல்லாய். ஊருக்குப் போக வண்டி வந்து நின்றிருந்தது.

"சீரங்கத்து ஐயா துக்கம் கேக்க வந்தாரும்மா. அன்னிக்கே திருத்தம் போட்டுட்டேன், உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்லேன்னு அச்சுல வந்துடுச்சுன்னு சொன்னாரு. நீதானே தினமும் படிப்பே. அப்படி ஏதாச்சும் வந்துச்சா?"

மிட்டாய் டப்பா என் பின்னால் அலமாரியில் இருந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். அடுக்களையில் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வரலை அண்ணி."

அவள் தலையை ஆட்டினாள். "உங்கண்ணனும் அன்னிக்கு அதான் சொன்னாரு. அந்தப் பொண்ணு தேடிப் பாத்துட்டுச் சொல்லுச்சு, வரலைன்னு. அப்ப அந்த ஐயாவும் மனசு ஆறட்டும்னு சும்மா சொல்லியிருக்காரு." குல்லாயைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். "நீ நல்லாப் படிம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

அந்த டப்பா வீடு மாறுகிற அவசரத்தில் எங்கேயோ தொலைந்தது. மயிலிறகு, தைல விளம்பரம், எல்லாம் போயிற்று. அதனால் என்ன, அந்த ஆறு வரியும் எழுத்துப் பிசகாமல் எனக்கு மனப்பாடம். அறுபது வருஷத்துக்கு மேல் உரக்கப் படிக்காமல் வைத்திருக்கிறேன். குழாயடி மேடையில் உட்கார்ந்திருந்தவர்களில் யாராவது மிச்சம் இருந்தால் கொஞ்சம் கிட்டே வாருங்கள். தொண்டை முன்போல் இல்லை. மூன்றாம் பக்கம், அடியில்:

'திருத்தம். சென்ற வாரம் ஷீல்டு ஆட்டத்தைக் குறித்து எழுதுகையில் "பிரசாதம் சாதித்தார்" என்று நாம் எழுதியது வெறும் பரிகாசம். அதற்கு வேறு பொருள் கொள்ளலாகாது. நமது துவாரபாலகர் வேண்டுமென்று விட்ட பந்து அன்று. தலையில் குல்லாய் இல்லாமல் நின்ற அவர் கண்ணில் வெயில் விழுந்ததைப் பின்னால் நின்று நாமே பார்த்தோம். பிழை எம்முடையது. அவரிடமும் அவரது இல்லத்தாரிடமும் மன்னிப்புக் கோருகிறோம்.'